பிரஸ்ஸில அடிக்கப் பைசா இல்லியா?

"என்ன மக்கா, காயிதம் பிரஸ்ஸில அடிக்கப் பைசா இல்லியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தந்திருப்பேனே."

திற்பரப்பு, குலசேகரம் பக்கத்தில், கூட்டுக்காரர்கள் சேர்ந்து வரைந்து வெட்டி ஒட்டிய அழைப்பிதழை எடுத்துக்கொண்டு கல்யாணம் சொல்லப் போகிற பையனுக்கு ஏதாவது ஒரு திண்ணையில் இந்தக் கேள்வி காத்திருக்கும். கேட்பவர் தாய்மாமனாகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். பரிவோடுதான் கேட்பார். கேலி செய்ய நினைப்பவர்கள் முகத்துக்கு நேரே கேட்பதில்லை; நாம் படியிறங்கி ரப்பர் தோட்டத்து வழி போன பிறகு தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். கேலியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, நாலு நாளில் அடங்கிவிடும். அந்தப் பரிவோடுதான் எனக்கு வழக்கு. கையால் செய்த அழைப்பிதழ், கையால் கட்டிய அலங்காரம் என்றாலே அது பணமுடையின் அடையாளம். கௌரவமான குடும்பம் இதையெல்லாம் காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்துகொள்ளும். நண்பர்கள் காகிதப் பூ ஒட்டுவது பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குச் சரி, முகூர்த்தத்துக்கு ஆகாது. இதுதான் அந்தப் பரிவுக்கு அடியில் கிடக்கும் தீர்ப்பு. வயசாளிகள் மட்டும் இப்படி நினைப்பதாக எண்ண வேண்டாம். பெங்களூரில் வேலை பார்க்கிற முப்பது வயதுக்காரர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள்.

இவர்களுக்குக் கைவேலையே பிடிக்காது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இவர்கள் வீட்டுக் கல்யாணத்தையே பாருங்கள். மாப்பிள்ளை கழுத்துக்குத் தோவாளையிலிருந்து மாலை வர வேண்டும். அதிலும் மாணிக்க மாலை என்றால் வாங்கியவர் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். அரளி இதழை ஒவ்வொன்றாக மடக்கி, இடையில் நொச்சி இலை வைத்து, நாரில் தட்டையாக முடையும் வேலை அது. தோவாளைக் குடும்பங்கள் தலைமுறையாகக் கைவிரலில் வைத்திருக்கும் வித்தை. 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மண்டப வாசலில் குலைவாழை கட்டுகிறார்கள். செவ்விளநீர்க் குலையும் கமுகம்பூவும் தொங்குகின்றன. குருத்தோலையைக் கீறி, கிளியும் மணியுமாக மடித்த தோரணம் வாசலிலிருந்து மணமேடைவரை ஓடுகிறது. இதில் எதுவும் எந்திரத்தில் போட்டு எடுத்ததில்லை. இந்தத் தோரணத்தைப் பார்த்து யாரும் "பைசா இல்லியா" என்று கேட்டதில்லை.

அப்படியானால் குற்றம் கைவேலையில் இல்லை. அது யாருடைய கை என்பதில் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு போகிற கை செய்தால் அலங்காரம். மாப்பிள்ளையோடு ஒரே பெஞ்சில் படித்தவன் செய்தால் இல்லாமை. இதை வெளிப்படையாகச் சொல்லிப் பார்த்தால் சொன்னவர்களுக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் அது எப்போதும் பரிவின் வேஷத்தில் வருகிறது.

திற்பரப்பு என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு அருவி ஞாபகம் வரும். எங்களுக்கு அருவிக்கரையில் இருக்கும் மகாதேவர் கோயிலும் சேர்ந்தே ஞாபகம் வரும். மகா சிவராத்திரியில் பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடுகிறவர்கள் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி கடந்து, மூன்றாவதாக இங்கே வந்து சேர்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பனையோலை விசிறி. எவ்வளவு வசதியானவர் ஓடினாலும் விசிறி பனையோலைதான். பிளாஸ்டிக் விசிறியோடு ஓடுகிறவரை இந்த ஊர் சிரிக்கும். சாமிக்கு முன் மானமாக இருக்கும் ஓலை, சம்பந்தி முன் எப்படி மானக்கேடு ஆகிறது என்பதை யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

கையால் செய்த கல்யாணப் பொருளைக் கண்டு முகம் சுளிப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. 1947 நவம்பரில் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். ஹைதராபாத் நிஜாம் வைர நெக்லஸ் கொடுத்தார். காந்தி, தான் நூற்ற நூலில் பின்னிய ஒரு பருத்தித் துணியை அனுப்பினார். நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்று பின்னியிருந்தது. பரிசுகளைக் காட்சிக்கு வைத்திருந்த இடத்தில் அதைப் பார்த்த மணமகளின் பாட்டி மேரி மகாராணி, அதைக் காந்தியின் கோவணம் என்று நினைத்து அருவருத்தார் என்பது ஊரறிந்த கதை. மணமகள் அப்படி நினைக்கவில்லை. 2022-இல் அவர் இறந்தபோது இந்தியப் பிரதமர் எழுதிய இரங்கல் குறிப்பில், முன்பு ஒரு சந்திப்பில் ராணி அந்தத் துணியை எடுத்துத் தனக்குக் காட்டியதைச் சொல்லியிருந்தார். எழுபது ஆண்டு கழித்தும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்திருக்கிறார். எலிசபெத்தின் கல்யாணத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1942-இல், இந்திரா தன் கல்யாணத்துக்கு உடுத்தியது அப்பா நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த சேலை. ஆனந்த பவனத்துக்குப் பட்டு வாங்கக் காசில்லை என்று அலகாபாத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

காந்தியும் நேருவும் செய்தால் சரித்திரம், திற்பரப்பில் நாலு பயல்கள் செய்தால் கஞ்சத்தனமா என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பார்கள். வேறுதான். அவர்கள் பெரிய மனிதர்கள் என்பதால் அவர்களுடைய கைவேலையை வறுமை என்று யாரும் நினைக்க முடியாது. நம்முடையதை நினைக்க முடியும். பயம் அங்கே இருக்கிறது, அழகில் இல்லை.

இந்தப் பயத்துக்கு எங்கள் மண்ணில் வேர் ஆழம். திருவிதாங்கூரில் கையால் உழைப்பது யார், உழைப்பை வாங்கிக்கொள்வது யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை வாங்கப்பட்டது. அடிமை முறையை அரசு 1855-இல்தான் ஒழித்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்துப் பழைய ஓலைச்சுவடிகளில் ஆட்களை விற்று வாங்கிய ஆவணங்களும் இருக்கின்றன. பந்தல் கட்டுவதும் மாத்துத் துணி விரிப்பதும் ஓலை முடைவதும் இன்னின்னாரின் கடமை என்று வைத்திருந்த சமூகத்தில், கல்யாண வீட்டுக்காரனின் சொந்தக்காரன் ஓலையைக் கையில் எடுத்தால் அது தாழ்வாகத்தானே தெரியும்? சாதி சொன்ன காரணம் போய்விட்டது. கூச்சம் மட்டும் மிச்சம் நிற்கிறது. இப்போது அதற்கு 'ஸ்டேட்டஸ்' என்று பெயர்.

அதே காரணத்தால்தான், என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு "அந்தக் காலத்தில் ஊரே கூடிப் பந்தல் போட்டது, இப்போது ஈவென்ட்காரன் வந்து எல்லாம் போச்சு" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடும் நான் சேர முடியாது. ஊர் கூடியது உண்மை. கூடியவர்களில் எத்தனை பேருக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இருந்தது? நண்பர்கள் சேர்ந்து செய்யும் வேலையின் மதிப்பே, அதை மறுக்க முடியும் என்பதில் இருக்கிறது. வராமல் இருந்திருக்கலாம், வந்தார்கள். இதைப் பழைய ஊர்க்கூட்டத்தோடு குழப்பினால் இரண்டையும் புரிந்துகொள்ளாமல் போவோம்.

இந்த மாவட்டத்துக்குக் கைவேலையின் இன்னொரு சரித்திரமும் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கற்றவர்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. அந்தத் தொழிலின் பேத்திகள்தான் பிற்பாடு சீமைக்கும் லேஸ் அனுப்பினார்கள். கையில் ஊசி பிடித்து மானத்தை மீட்ட ஊரில், கையில் கத்திரிக்கோல் பிடித்தால் மானம் போகிறதாம்.

அடுத்து, பிரஸ். மாமா நினைக்கிற 'பிரஸ்ஸில அடிச்ச காயிதம்' எப்படி வருகிறது? சிவகாசியிலிருந்து பிள்ளையார் படத்தோடு, சிலுவையோடு, பிறைநிலாவோடு வெற்று அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்குகின்றன. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் ஆல்பத்தைப் புரட்டி நம்பர் சொன்னால், பெயர்களும் தேதியும் மட்டும் உள்ளே அடித்துத் தருவார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காத யாரோ, அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமாவதற்கு ஒரு வருஷம் முன்பே வரைந்த படம். அது நல்ல தொழில், பல ஆயிரம் பேர் பிழைக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு 'நம்ம வீட்டுக் காயிதம்' என்ற பெருமை எங்கிருந்து வருகிறது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1820 வாக்கில் மீட் பாதிரியார் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வைத்த காலத்திலிருந்து ஆஃப்செட் வரும்வரை, இந்த மாவட்டத்தில் அச்சான ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கம்பாசிடர் விரலால் எடுத்துக் கோர்த்தார். நம் தாத்தா கல்யாணத்துக் காயிதம் முழுக்கக் கைவேலை. பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சில இடத்தில் எழுத்து சாய்ந்தே நிற்கும்.

இனி என் கட்சிக்காரர்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். "நாங்களே செய்தால் செலவு குறையும்" என்று வாதாடுகிறார்கள். இதைவிடத் தோற்கிற வாதம் வேறில்லை. மாமாவின் கேள்விக்கு "ஆமாம், பைசா இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. தவிர, அது உண்மையும் இல்லை. கைக்காகிதம், நல்ல மை, ஸ்கிரீன் சட்டம், வீணாகும் தாள், ராத்திரி டீயும் பரோட்டாவும் என்று கூட்டிப் பார்த்தால் சிவகாசி அட்டையைவிட அதிகம் வரும். நாலு பேருடைய நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போட்டால் தலை சுற்றும். கையால் செய்வது மலிவு என்பதால் செய்வதில்லை. விலைக்குக் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது: மணமக்களைத் தெரிந்த ஒருவர் வரைந்த கோடு. அவள் பேச்சிப்பாறை ஸ்கூல் டீச்சர் என்றால் அந்த அணை அட்டையில் வரும். அவன் தேனீ வளர்க்கிறவன் என்றால் மார்த்தாண்டம் தேன்பெட்டி வரும். ஆல்பத்தில் எந்த நம்பரைச் சொன்னாலும் இது கிடைக்காது.

"ஆயிரம் வீட்டுக்குக் கல்யாணம் சொல்லணும், கையால ஆகுமா?" என்பது நியாயமான கேள்வி. ஆகாது. ஆகவும் தேவையில்லை. ஒரு மூலத்தை ஒழுங்காகக் கையால் செய்து, அதைப் பிரஸ்ஸில் கொடுத்து அடிக்கலாம். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்கும் வீடுகளுக்கு மட்டும் முழுக் கைவேலை. மற்றவர்களுக்கு இப்போதே வாட்சாப்பில் படம்தான் போகிறது. அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று. 2021-இல் மதுரையில் ஒரு குடும்பம் மொய் அனுப்ப க்யூ.ஆர். கோடையே அழைப்பிதழில் அச்சடித்தது. நாடு சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. அதைத் தாங்கிய சமூகம் கையால் வரைந்த ஒரு தேன்பெட்டியையும் தாங்கும்.

அடுத்த குற்றச்சாட்டு, கையால் செய்தால் பார்க்க நன்றாக இருக்காது என்பது. சில சமயம் நன்றாக இருக்காது, உண்மைதான். பேனா பிடிக்கத் தெரியாதவன் வளைந்த எழுத்தில் எழுதினால் பந்தி நேரமா முகூர்த்த நேரமா என்று தெரியாது. திற்பரப்புக் காற்றில் ஈரம் அதிகம். இரண்டு மழைக்காலமும் இங்கே பெய்கிறது. கைக்காகிதம் சுருண்டுகொள்ளும், சாதாரணப் பசை இளகும், பச்சை ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். இதற்கெல்லாம் மருந்து தொழில்காரர்களிடம் இருக்கிறது. பைண்டிங்காரர் மைதாப் பசையில் துத்தம் சேர்ப்பார். எழுதுவதற்கான ஓலை முற்றியும் இருக்கக் கூடாது, இளசாகவும் இருக்கக் கூடாது. வேகவைத்து நிழலில் உலர்த்தி அழுத்திப் பரப்ப வேண்டும். எழுத்தாணியில் கீறிக் கரியைத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கருப்பு நிற்கும். கோலத்துக்கு எங்கே போவது என்றால் பக்கத்திலேயே திருநந்திக்கரைக் குகைக்கோயில் இருக்கிறது, மங்கிய ஓவியத்தின் கோடுகளோடு. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்செதுக்கும் சுவரோவியமும் இருக்கின்றன. மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடிக்காத கை அந்த வீடுகளில் குறைவு. இப்படிப்பட்ட ஊரில் கைக்கு வராது என்று யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

கைவேலையை மட்டம் என்பவர்கள், நேர்த்தி என்று காட்டுவதையும் பார்க்க வேண்டும். மேடையில் தெர்மக்கோல் யானை, பிளாஸ்டிக் ரோஜாச் சுவர், ரோட்டில் பத்தடி ஃப்ளெக்ஸ். 2021-இல் ஒன்றிய அரசு திருத்திய விதிப்படி 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மக்கோலுக்கு நாடு முழுவதும் தடை. அதே பட்டியலில் பலூன் குச்சியும், 100 மைக்ரானுக்கு மெல்லிய பி.வி.சி. பேனரும், அழைப்பிதழின் மேல் சுற்றிவரும் பிளாஸ்டிக் தாளும் இருக்கின்றன. கௌரவமான காயிதத்தின் மேல் பளபளக்கும் அந்தத் தாள் சட்டப்படி குற்றம். ஓலைக்காயிதத்தின் மேல் அந்தக் குற்றம் இல்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நடுரோட்டில் கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் விழுந்து தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். குருத்தோலைத் தோரணம் அறுந்து விழுந்து யாரும் சாகவில்லை. மறுநாள் அது மாட்டுக்கு ஆகும்.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் கனமான ஒன்று மிச்சம் இருக்கிறது. 'நண்பர்கள் செய்கிறார்கள்' என்றால் நடைமுறையில் யார் செய்வது? பெண்ணின் கூட்டுக்காரிகள் ராத்திரி இரண்டு மணிவரை பூ வெட்டி ஒட்டுவார்கள். பையன்கள் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுச் சீட்டாடப் போவார்கள். இப்படி நடக்கும் இடத்தில் ஈவென்ட்காரரைக் கூப்பிடுவதே மேல். அவர் சம்பளமாவது கொடுப்பார். இதில் எனக்கு ஒரு சமரசமும் இல்லை. இரண்டு பக்கமும் ஆண்களும் உட்கார்ந்து வெட்டட்டும், இல்லையென்றால் அட்டையைச் சிவகாசியில் வாங்கட்டும்.

அதேபோலத் தொழில்காரர் வயிற்றில் அடிப்பதும் கூட்டுக்காரர்களின் வேலை இல்லை. மாணிக்க மாலையை வீடியோ பார்த்துக் கட்ட முயலாதீர்கள், தோவாளைக்காரரிடம் வாங்குங்கள். தாம்பூலத்துக்கு ஓலைப்பெட்டி வேண்டுமென்றால் மணப்பாட்டுப் பெண்கள் முடைகிறார்கள். செட்டிநாட்டில் மறைந்துகொண்டிருந்த கொட்டான் என்ற ஓலைப்பெட்டி முடையும் வித்தையை விசாலாட்சி ராமசாமி நடத்தும் அறக்கட்டளை பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டெடுத்தது. அந்தக் கொட்டான்கள் இன்றைக்குக் கல்யாண வீடுகளால்தான் பெரும்பாலும் பிழைக்கின்றன. நண்பர்கள் ஓலையைத் தொட்டால்தான் ஓலை முடைகிறவரின் வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தெரிந்தவன் பேரம் பேச மாட்டான்.

பெரியவர்கள் மறந்துபோன ஒரு வழக்கத்தையும் ஞாபகப்படுத்துகிறேன். அவர்கள் காலத்தில் கூட்டுக்காரர்கள் சேர்ந்து வாழ்த்து மடல் அச்சடிப்பார்கள். ஒருவன் வெண்பா என்று நினைத்து எதையோ எழுதுவான். இன்னொருவன் மாப்பிள்ளையின் பழைய வண்டவாளத்தை நாசூக்காகச் சேர்ப்பான். மேடையில் வாசித்து, பந்தியில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். அழைப்பிதழ் குடும்பத்தின் குரல், வாழ்த்து மடல் நண்பர்களின் குரல். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப்பட்ட ஒற்றைத்தாள்களையும் அழைப்பிதழ்களையும்கூடக் குப்பை என்று தள்ளாமல் சேர்த்து வைத்தார். அவர் பெயரில் சென்னையில் இருக்கும் நூலகத்துக்குப் போகிற ஆராய்ச்சியாளர்கள் இன்று அவற்றைச் சரித்திர ஆவணமாகப் படிக்கிறார்கள். வாழ்த்து மடல் அடித்த மாமா, அழைப்பிதழ் வரையும் மருமகனைப் பார்த்துப் பரிதாபப்படுவது பொருந்தவில்லை. குடும்பத்தின் பெயர் வரிசை, குலதெய்வம், அழைப்பவர் பெயர் எல்லாம் பெரியவர்கள் சொல்படியே இருக்கட்டும். கோடும் நிறமும் கூட்டுக்காரர்களுடையதாக இருக்கட்டும். இதில் யாருக்கும் எதுவும் குறையப் போவதில்லை.

ஆகவே ஆவணிக்கோ தைக்கோ நாள் குறித்தவர்கள் தயங்காமல் தொடங்குங்கள். காயிதத்துக்கு இரண்டு மாதம் வேண்டும். தோரணத்துக்குக் குருத்தோலையை முந்தின நாள் சாயங்காலம் வெட்டினால் போதும், அதற்கு முன் வெட்டினால் வாடிவிடும். ஆனால் அதை வெட்ட மட்டும் நல்ல ஆளாகக் கூலிக்கு வையுங்கள்; ஏறத் தெரியாத கூட்டுக்காரனைத் தென்னையில் ஏற்றிவிடாதீர்கள்.